நூலகரைக் கேளுங்கள்: பத்தாயிரம் மேற்கோள் வாங்கியவர் பெரிய ஆளா?

(வானியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் நூலகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அண்டவியலாளர்களின் ஆய்வுக் கணக்கைப் பற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

கேள்வி: ஓர் அண்டவியலாளரின் சொற்பொழிவுக்கான அழைப்பிதழில் ‘300 ஆய்வுக்கட்டுரைகள், 40,000 மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 80’ என்று போட்டிருந்தார்கள். மிரண்டுவிட்டேன். மிரள வேண்டியதுதானா? (இயற்பியல் ஆசிரியர்)

முதலில் உட்காருங்கள். (மேற்கோள் என்பது ஒருவருடைய கட்டுரையை இன்னொரு கட்டுரை ஆதாரமாகக் குறிப்பிடுவது.) அந்த எண்கள் பொய்யாக இருக்காது. ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அவர் என்ன கண்டுபிடித்தார் என்று ஒரு வரி சொல்லுங்கள் பார்க்கலாம். முடியாது, இல்லையா?

பதவி உயர்வுக் குழுக்களுக்கு இப்படிப்பட்ட பட்டியல் தயாரித்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதியாக இருந்தது. குழுவினர் எப்போதும் மொத்தத்தைத்தான் முதலில் தேடுவார்கள். நான் அதை வேண்டுமென்றே கடைசிப் பக்கத்தில் வைப்பேன். தேடும்போதாவது நடுப்பக்கங்கள் கண்ணில் படட்டும் என்று.

எச்-இண்டெக்ஸை 2005இல் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 மேற்கோளாவது வாங்கியிருந்தால் எச் 20. அவ்வளவுதான். இருபது வருடம் ஆராய்ச்சி செய்தவருக்கு எச் 20 இருந்தால் அவர் வெற்றிபெற்ற விஞ்ஞானி என்று ஹிர்ஷ் எழுதினார். எளிமையான கணக்கு என்பதால் உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒருவர் 20 கட்டுரை எழுதி எல்லாவற்றுக்கும் சரியாக 20 மேற்கோள் வாங்குகிறார். இன்னொருவருக்கும் 19 கட்டுரைகள் அதேபோலத்தான். ஆனால் அவருடைய இருபதாவது கட்டுரையை மட்டும் பத்தாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். இருவருக்கும் எச் 20தான்! அந்தப் பத்தாயிரம் எச்சுக்குத் தெரியவே தெரியாது.

அண்டவியலில் இதைவிடப் பெரிய சிக்கல் எழுதியவர்களின் எண்ணிக்கை. பிளாங்க் செயற்கைக்கோள் 2009இல் ஏவப்பட்டு 2013 வரை, பிரபஞ்சத்தின் தொடக்ககால வெப்பத்தின் மிச்சமான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சை அளந்தது. அதன் இறுதி முடிவுகளில் அண்டவியல் அளவுருக்களை (பிரபஞ்சத்தின் வயது, விரியும் வேகம் போன்றவற்றை)ச் சொல்லும் 2018ஆம் ஆண்டுக் கட்டுரை பத்தாயிரத்துக்கும் மேல் மேற்கோள் வாங்கிவிட்டது. எழுதியவர்கள் நூற்றைம்பது பேருக்கும் மேல். அந்தப் பத்தாயிரத்தை யாரும் நூற்றைம்பதால் வகுப்பதில்லை. ஒவ்வொருவர் கணக்கிலும் முழுப் பத்தாயிரமும் ஏறும். அந்தத் திட்டத்தில் உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து சமன்பாடு எழுதும் கோட்பாட்டாளரையும் இவர்களையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினால், அளவுகோலுக்குத்தான் அவமானம்.

அந்த அழைப்பிதழ் என் கையில் கிடைத்திருந்தால் இப்படிச் செய்திருப்பேன். நாசாவின் வானியல் தரவு அமைப்பு, சுருக்கமாக ஏடிஎஸ், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் அவர் பெயரைப் போட்டு, மேற்கோள் வரிசையில் அடுக்கி, முதல் பத்துக் கட்டுரைகளைப் பார்ப்பேன். ஒவ்வொன்றிலும் எத்தனை ஆசிரியர்கள் என்று குறித்துக்கொள்வேன். அப்புறம் மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளில் நாலைந்தைத் திறந்து, இவருடைய பெயர் வரும் வாக்கியத்தைப் படிப்பேன். யாரும் செய்யாத வேலை இந்தக் கடைசி வேலைதான். விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

ஏனென்றால் எல்லா மேற்கோளும் ஒன்றல்ல. 1998இல் ஆடம் ரீஸ் முதலிய இருபது பேரும், 1999இல் சால் பெர்ல்மட்டர் குழுவும், தொலைதூர சூப்பர்நோவாக்களை (வெடித்துச் சிதறும் விண்மீன்களை) வைத்து, பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று காட்டினார்கள். இரண்டு கட்டுரைகளுக்கும் தலா பத்தாயிரத்தைத் தாண்டி மேற்கோள். அவற்றில் மிகப் பெரும்பகுதி எப்படி வந்தது தெரியுமா? இந்த வேகக் கூடுதலுக்குக் காரணமாகச் சொல்லப்படும் இருண்ட ஆற்றல் பற்றி யார் எதை எழுதினாலும் முதல் வாக்கியம் ‘பிரபஞ்சத்தின் விரிவு முடுக்கம் பெறுகிறது’ என்பதுதான். அதன் முடிவில் அடைப்புக்குறிக்குள் இந்த இரண்டு கட்டுரைகளின் பெயர்களும் இருக்கும். அது ஒரு வணக்கம். பலர் அந்தக் கட்டுரைகளைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். (கண்டுபிடிப்பின் பெருமை இதனால் குறையாது. முதல் வாக்கியத்தில் இடம் பிடிப்பதே பெரிய காரியம்.) இன்னொரு வகை, ‘இன்னாரின் முறையைப் பின்பற்றி இங்கே கணக்கிடுகிறோம்’ என்று கட்டுரையின் நடுவில் வருவது. அப்படி இருநூறு மேற்கோள் வாங்கியவரை நான் எழுந்து நின்று வரவேற்பேன். மூன்றாவது வகை, ‘இன்னார் சொன்னதற்கு மாறாக’. அதுவும் கணக்கில் ஒன்றாகத்தான் ஏறும்.

இன்னொன்று: அந்த 40,000 எங்கே எண்ணியது என்று கேளுங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். ஏடிஎஸ்ஸிலும், இயற்பியல் கட்டுரைகளைத் திரட்டும் இன்ஸ்பயர் தளத்திலும் அதே ஆளுக்கு வேறு எண் வரும். அழைப்பிதழில் அச்சாவது எப்போதும் பெரிய எண்தான். இதுவரை நான் வேறு மாதிரி பார்த்ததில்லை.

கேள்வி: அதிக மேற்கோள் வாங்கியவருக்குத்தான் நோபல் பரிசு கிடைக்குமா? (பிளஸ் டூ மாணவர்)

மேலே சொன்ன சூப்பர்நோவா வேலைக்கு 2011இல் கிடைத்தது. பெர்ல்மட்டர், ரீஸ், பிரையன் ஷ்மிட் மூவருக்கும். ஹாக்கிங்கின் கருந்துளைக் கதிர்வீச்சுக் கட்டுரைக்கும், பிரபஞ்சம் தொடக்கத்தில் திடீரெனப் பெருவீக்கம் கண்டது என்று 1981இல் ஆலன் கூத் எழுதிய கட்டுரைக்கும் மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. நோபல் வரவில்லை.

நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது வேறொரு 1998ஆம் ஆண்டுக் கட்டுரை. ஷ்லேகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் என்ற மூவர் நம் பால்வீதியில் எந்தத் திசையில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். அழுக்கு ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பவர் கண்ணாடியில் எவ்வளவு அழுக்கு என்று தெரிந்துகொள்வது மாதிரி, வெளி விண்மீன் மண்டலங்களைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அந்தப் படம் வேண்டும். அதுவும் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதை மேற்கோள் காட்டியவர்கள் உண்மையிலேயே அதைப் பயன்படுத்தியவர்கள். இதற்கெல்லாம் மேடையில் பரிசு கொடுக்க மாட்டார்கள். என் கணக்கில் அண்டவியல் ஓடுவது இந்த மாதிரி ஆட்களால்தான்.

கேள்வி: பெரிய கூட்டுத்திட்டம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்கிறேன். திட்டத்தின் கட்டுரைகள் பலவற்றில் என் பெயர் இருக்கிறது, மேற்கோள் ஆயிரக்கணக்கில். நானே முன்னின்று எழுதியவை இரண்டுதான், அவற்றுக்கு மொத்தம் 11 மேற்கோள். நேர்காணலில் எதைக் காட்டுவது? (ஆராய்ச்சி மாணவி)

பதினொன்றைக் காட்டம்மா. தயங்காதே.

தேர்வுக் குழுவில் இருப்பவர்களும் அதே மாதிரிக் கூட்டுத்திட்டங்களில் இருந்து வந்தவர்கள்தான். அந்த ஆயிரங்கள் எப்படி ஏறின என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் கேட்கப்போவது ‘இதில் நீ என்ன செய்தாய்’ என்ற ஒரே கேள்வியைத்தான். அதனால் விண்ணப்பத்தில் கட்டுரைப் பட்டியலை இரண்டாகப் பிரித்துவிடு. முதலில் உன்னுடைய இரண்டு. அப்புறம் கூட்டுக்கட்டுரைகளில் நீ உண்மையில் கை வைத்தவை மட்டும், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி: ‘நான்காம் பகுதியின் பிழை மதிப்பீடு என்னுடையது’ என்பது போல. மீதியை ‘மற்றவை’ என்று எண்ணிக்கை மட்டும் சொல்லி விட்டுவிடலாம்.

பெயர் வரிசையை நம்பாதே. பிளாங்க் குழுவின் 2013, 2015 அண்டவியல் கட்டுரைகளை உலகமே ‘ஏட் முதலியோர்’ என்றுதான் குறிப்பிடுகிறது. தென்துருவத்தில் இருந்து வானத்தை அளந்த பைசெப்2 குழுவின் 2014ஆம் ஆண்டுக் கட்டுரையும் ‘ஏட் முதலியோர்’. பீட்டர் ஏட் நுண்ணலைக் கருவிகள் செய்வதில் கைதேர்ந்தவர், சந்தேகமில்லை. ஆனால் அவர் பெயர் முதலில் வருவதற்குக் காரணம் அகரவரிசை. கோட்பாட்டுக் கட்டுரைகளிலும் பலர் அகரவரிசையில்தான் போடுகிறார்கள். அதனால்தான் அந்த ஒரு வரி விளக்கம் தேவைப்படுகிறது.

பெயர் விஷயத்தில் ரால்ஃப் ஆல்ஃபர் பட்டதைக் கேள். 1948இல் அவர் மாணவர். பிரபஞ்சத்தின் தொடக்ககால வெப்பத்தில் தனிமங்கள் எப்படி உருவாகின என்ற கணக்கு அவருடைய ஆய்வேட்டில் இருந்து வந்தது. வழிகாட்டி ஜார்ஜ் காமோவ் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று வர வேண்டும் என்பதற்காக, அந்த வேலையில் பங்கே இல்லாத ஹான்ஸ் பெத்தேயின் பெயரை நடுவில் சேர்த்துவிட்டார். இரண்டு ஜாம்பவான்களின் பெயருக்குப் பக்கத்தில் மாணவன் பெயரை யார் பார்ப்பார்கள்? ஆல்ஃபருக்கு அது கடைசிவரை மனக்குறையாகவே இருந்தது. அதே வருடம் அவரும் ராபர்ட் ஹெர்மனும், அந்தப் பழைய வெப்பத்தின் மிச்சம் இன்றும் ஏறக்குறைய 5 கெல்வினில் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 1965இல் பென்சியாஸும் வில்சனும் அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். 1978இல் நோபல் அந்த இருவருக்குத்தான் போனது.

கேள்வி: தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டி எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள முடியாதா? (வங்கி ஊழியர்)

முடியும், செய்கிறார்கள். இன்ஸ்பயர் தளத்தில் சுயமேற்கோளைக் கழித்துக் காட்டும் வசதி இருக்கிறது. பத்து வருடம் ஒரே கேள்வியைத் துரத்துபவர் தன் முந்தைய கட்டுரையைச் சொல்லாமல் எழுதவும் முடியாது என்பதால் நான் இதைப் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. கூட்டுத்திட்டங்களில் இந்தக் கழித்தலே தமாஷாகிவிடும். நூற்றைம்பது ஆசிரியர்களில் யார் எங்கே எழுதினாலும் அது ‘சுயமேற்கோள்’ ஆகிவிடுவதால், துறையில் பாதிப் பேரைக் கழிக்க வேண்டி வரும்.

கேள்வி: தவறான முடிவுக்கும் மேற்கோள் குவியுமா? (வாசகர்)

மேலே சொன்ன பைசெப்2வையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 மார்ச்சில் அவர்கள் பெருவீக்கக் காலத்து ஈர்ப்பலைகளின் தடயம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். அந்த அலைகளின் வலிமையைக் குறிக்கும் ஆர் என்ற அளவு 0.2 என்றார்கள். சில மாதங்களுக்குள் அதை விளக்கியும் ஆதரித்தும் சந்தேகித்தும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள். 2015 தொடக்கத்தில் பிளாங்க் குழுவோடு சேர்ந்து தரவை அலசியபோது, அந்தச் சமிக்ஞையைப் பால்வீதியின் தூசைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று தெரிந்தது. அந்த மேற்கோள்களை யாரும் திருப்பி வாங்கவில்லை, வாங்கவும் முடியாது.

அந்தக் குழுவை நான் குறைத்துப் பேச மாட்டேன். அளவீடு நல்ல அளவீடு. எதை அளந்தோம் என்பதில்தான் சிக்கல். அதே குழு வேலையை விடாமல் தொடர்ந்து, 2021இல் ஆர் 0.036ஐ விடக் குறைவு என்று வரம்பு போட்டது. எனக்கு இந்த அடக்கமான இரண்டாவது எண்தான் பிடித்திருக்கிறது.

கேள்வி: வாழ்நாளில் யாருமே கண்டுகொள்ளாத கட்டுரை பிற்பாடு புகழ் பெற்றதுண்டா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

ஐயா, இதற்குத்தான் காத்திருந்தேன். நூலகத்தில் தூசு படிந்த தொகுதிகளைத் தூக்கிப் போடச் சொல்லி உத்தரவு வந்தபோதெல்லாம் நான் சொன்ன வாதமே இதுதான்.

1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தில் உள்ள விண்மீன் மண்டலங்களின் வேகத்தைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் அந்த வேகத்தில் கொத்து சிதறிப்போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏராளமாக இருக்கிறது என்று எழுதினார். ஜெர்மன் மொழியில், ஒரு சுவிஸ் இதழில். பல பத்தாண்டுகள் அதைச் சீண்டியவர்கள் வெகு சிலர். 1970களில் வேரா ரூபின் போன்றவர்கள் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்த பிறகுதான் அந்தத் தெரியாத பொருளை, அதாவது கரும்பொருளை, எல்லோரும் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். இன்று கரும்பொருள் கட்டுரை எழுதுபவர்கள் சம்பிரதாயமாக ஸ்விக்கியில் இருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஜார்ஜ் லெமெய்த்தர் 1927இல் பிரபஞ்சம் விரிகிறது என்பதையும் அதன் விகிதத்தையும் பிரெஞ்சில், பிரஸ்ஸல்ஸில் வெளியான ஓர் இதழில் எழுதினார். விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கு ஏற்ற வேகத்தில் விலகுகின்றன என்ற விதியைச் சொன்ன எட்வின் ஹபிளின் கட்டுரை 1929இல் வந்தது. 1931இல் லெமெய்த்தரின் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தபோது அந்த விகிதத்தைப் பற்றிய பகுதியைக் காணோம். யாரோ சதி செய்துவிட்டார்கள் என்று வெகுநாள் பேச்சு. மொழிபெயர்த்தவர் லெமெய்த்தரேதான், அவரே விட்டுவிட்டார் என்று 2011இல் மரியோ லிவியோ ஆவணங்களைத் தேடி நிறுவினார். தன் முன்னுரிமையைப் பற்றிக் கவலையே படாத மனிதர்! 2018இல் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தி, அந்த விதியை ஹபிள்-லெமெய்த்தர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

இன்னும் சமீபத்தில், பாரத் ராத்ராவும் ஜிம் பீபிள்ஸும் 1988இல் மெதுவாக மாறும் ஒரு புலம் பிரபஞ்சத்தின் விரிவை எப்படிப் பாதிக்கும் என்று எழுதினார்கள். அப்போது அந்த விடைக்குக் கேள்வியே இல்லை. பத்து வருடம் கழித்து சூப்பர்நோவா முடிவு வந்ததும் கேள்வி பிறந்துவிட்டது. மேற்கோள் கோடு அங்கே இருந்து மேலே ஏறுகிறது. பெருவீக்கம் போன்ற தொடக்கத்தைப் பற்றி ஸ்டாரோபின்ஸ்கி என்ற இயற்பியலாளர் எழுதிய 1980ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் 2013இல் பிளாங்க் தரவு வந்தபோது மறுவாழ்வு. அவருடைய மாதிரி தரவோடு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. 1985இல் ஒரு குழு அவருடைய மேற்கோளை எண்ணிப் பார்த்து என்ன முடிவுக்கு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ராய்சௌத்ரி சமன்பாடு என்று பாடத்தில் வருகிறது. அதை எழுதியவருக்கு ஏராளமான மேற்கோள் இருக்குமே? (எம்எஸ்சி மாணவர்)

அருகருகே செல்லும் பாதைகளை ஈர்ப்பு எப்படி நெருங்கவைக்கிறது என்று சொல்லும் அந்தச் சமன்பாட்டை அமல் குமார் ராய்சௌத்ரி 1955இல் வெளியிட்டார். அப்போது அவர் முனைவர் பட்டம்கூட வாங்கியிருக்கவில்லை. பென்ரோஸும் ஹாக்கிங்கும் ஒருமைப்புள்ளிகள் (ஈர்ப்பு எல்லையற்றுப் போகும் இடங்கள்) தவிர்க்க முடியாதவை என்ற தேற்றங்களை நிறுவியபோது அந்தச் சமன்பாடு அடித்தளமாக இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தும் பலர் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், 1955ஆம் ஆண்டுக் கட்டுரையை அடிக்குறிப்பில் சேர்ப்பதில்லை. கணினிக்குப் பெயர் போதாது, குறிப்பு வேண்டும். ஃப்ரீட்மனுக்கும் இதே கதி. பிரபஞ்சம் எப்படி விரிகிறது என்று சொல்லும் அவர் சமன்பாடு இல்லாத அண்டவியல் பாடநூல் கிடையாது, அவருடைய 1922ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பவர் அரிது. ரொம்பவும் புகழ் பெற்றால் மேற்கோள் நின்றுவிடும், தம்பி.

கேள்வி: கட்டுரையை எந்த நேரத்தில் பதிவேற்றினால் அதிக மேற்கோள் கிடைக்கும்? விளையாட்டாகத்தான் கேட்கிறேன். (பொறியாளர்)

நீங்கள் விளையாட்டாகக் கேட்கிறீர்கள், அவர்கள் விளையாட்டாகச் செய்வதில்லை. ஆர்க்சைவ் என்ற முன்பதிப்புக் களஞ்சியத்தை 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கினார். அண்டவியல் கட்டுரைகள் இதழில் அச்சாவதற்கு முன்பே அங்கே வந்துவிடும். அமெரிக்கக் கிழக்கு நேரம் மதியம் 2 மணிக்கு அன்றைய பட்டியலுக்கான கெடு முடியும். அடுத்த நொடி பதிவேற்றுபவரின் கட்டுரை அடுத்த பட்டியலில் உச்சியில் நிற்கும். உச்சியில் நிற்பவற்றுக்குக் கூடுதல் மேற்கோள் வருகிறது என்று ஜோர்க் டீட்ரிக் 2008இல் காட்டினார். பிற்பாடு கின்ஸ்பார்க்கும் ஒருவரோடு சேர்ந்து சரிபார்த்தார். தன் கட்டுரை நன்றாக இருக்கிறது என்று நம்புபவர்கள்தான் முந்திக்கொள்கிறார்கள் என்பது ஒரு காரணம். மேலே இருப்பதுதான் கண்ணில் படும் என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை என்று தெரிந்தது. பிரபஞ்சத்தின் 1,380 கோடி வருட வரலாற்றை எழுதுபவர்கள் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டு விசைப்பலகையில் விரலை வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: உங்கள் எச்-இண்டெக்ஸ் என்ன? (பெயர் குறிப்பிடாதவர்)

பூஜ்ஜியம். நன்றியுரைகளை எண்ணும் இண்டெக்ஸ் ஒன்று வந்தால் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: என் அக்கா மகன் அண்டவியலாளன். அவன் கட்டுரைகளை நானே தேடிப் பார்க்கலாமா? (இல்லத்தரசி)

தாராளமாக. ஏடிஎஸ், இன்ஸ்பயர் இரண்டிலும் காசு கேட்க மாட்டார்கள். பெயரைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ளவர்கள் ஏகப்பட்ட பேர் இருப்பார்கள். ‘ஒய் வாங்’ என்று தேடினால் ஒரு பட்டாளமே வரும். அதனால் அவனுடைய ஆர்கிட் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதினாறு எழுத்து-எண் கொண்ட அடையாளம் அது, ஆராய்ச்சியாளர்கள் பலரிடமும் இருக்கும். ஏடிஎஸ்ஸில் பெயருக்கு முன்னால் தொப்பிக் குறி (^) போட்டால் அவன் பெயர் முதலில் உள்ள கட்டுரைகள் மட்டும் வரும். முதலில் அவற்றின் சுருக்கத்தைப் படியுங்கள். புரியாவிட்டால் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது உட்காரவைத்துக் கேளுங்கள். எத்தனை மேற்கோள் என்று மட்டும் கேட்காதீர்கள், பாவம், அதை அலுவலகத்தில் தினமும் கேட்கிறார்கள்.